முனியாண்டிக்கு ஒரு கறுப்பு பீர்

வீட்டுக்காரர் குடியை விட்டால் முனியாண்டிக்கு ஒரு பாட்டில் கறுப்பு பீர் படைப்பதாக நான் வேண்டிக்கொண்டது மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். அதில் கோளாறு எதுவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. முனியாண்டிக்குச் சுருட்டும் பீரும்தானே பிடிக்கும்? பாலும் பழமும் கொடுத்தால் வேலை நடக்குமா?

வீட்டுக்காரருக்குக் காஜா பேராங் வட்டாரத்தில் முடிவெட்டும் கடை. சாயங்காலமானால் கள்ளுக்கடை. அடிதடி, ரகளை எதுவும் கிடையாது; வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ஆனால் விடிந்ததும் கை நடுங்கும். அந்தக் கையில்தான் சவரக்கத்தி. என்றைக்கு யார் கழுத்தில் இறங்கப்போகிறதோ என்று தினமும் கேட்பேன். இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா என்பார். உண்மைதான், இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் மகளுக்கு முதல் மொட்டை. கோயிலில் என் அண்ணன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். அப்பனே மழிப்பதாக ஏற்பாடு. வீட்டிலேயே தொழில்காரன் இருக்க வெளியாள் எதற்கு? தலையை நனைத்தார். கத்தியை எடுத்தார். எடுத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மச்சான், என் கை சரியில்ல. வேற ஆளக் கூப்பிடுங்க."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. போன உயிரும் திரும்பி வந்தது. அன்றைக்குக் குடியை விட்டவர்தான். கொஞ்ச நாள் காய்ச்சல்காரர் மாதிரிக் கிடந்தார், எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தார். நானும் சும்மா விடவில்லை.

நடுக்கம் நின்ற பிறகு வேண்டுதல் ஞாபகம் வந்தது. சாமியை ஏமாற்ற முடியுமா? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாட்டிலோடு போனோம். பூசாரி ஒரு மூடி அளவு ஊற்றிப் படைத்துவிட்டு, மீதியை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தார். பிரசாதமாம். வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம். அப்போதுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே விளங்கியது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேண்டிக்கிட்டது நீ. நீயே குடி."

கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஒரே கசப்பு. இந்தக் கண்றாவியையா மனிதர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேனாம். பிள்ளை அவர் இடுப்பில். இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தார். அந்தக் கை நடுங்கவே இல்லை. அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.