ரோசலின் அக்காவின் படங்கு

நான் வேலை பார்க்கும் நோர்வூட் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். "அப்பா, ரோசலின் அத்தை போயிட்டாங்க. காலைப் பூசைக்குப் போயிட்டு வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு சாஞ்சவங்களாம். எந்திரிக்கவே இல்ல." தராசில் ஆணி கூடிப்போனது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நல்லவேளை, சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி. துக்க வீட்டில் பேசக்கூடிய பேச்சல்ல இது. அக்காவைத் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால் இந்த நினைவுப் பக்கத்தில் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு சைக்கிள் வராது. வரிசை வீடுகளான லயத்திலிருந்து பாதைக்கு வரவே படிக்கட்டில் இறங்க வேண்டும். படிக்கட்டில் எதை ஓட்டுவது? அக்கா பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே பழகிய சைக்கிளை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். "மலையில சைக்கிளா? தோள்ல தூக்கிட்டுப் போவீங்களாக்கா?" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். சத்தமாகச் செய்தவன்.

டீசல் கிடைக்காமல் பஸ் நின்ற வருடம் என் வாய் அடங்கியது. கடைக்கு ஐந்து மைல். தினமும் நடக்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை. முதலாளி மூன்று வாரம் பார்ப்பதாகவும், அதற்குமேல் வேறு ஆள் தேடுவதாகவும் சொல்லிவிட்டார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நாற்பத்தாறு வயதில் போய் அக்காவின் வாசலில் நின்றேன்.

"வெக்கமா இருந்தா, பெரட்டு கலைஞ்சு எல்லாரும் மலைக்குப் போனதும் வாங்க தம்பி" என்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம்தான் எங்கள் தோட்டத்தில் இருக்கும் ஒரே சமதரை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் தடித்த படங்கை என் இடுப்பில் கட்டி, அதன் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். மலையில் நடப்பவன் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று கீழே பார்த்தே பழகியவன். சைக்கிளிலும் அதைத்தான் செய்தேன். களத்தோரம் தண்ணீர் ஓடும் கானைப் பார்த்தேன். சைக்கிள் கானுக்குள் போனது. மூன்று தடவை.

"அங்க என்ன பாக்குறீங்க? தரை எங்கயும் ஓடிறாது தம்பி. பெக்டரிக் கூரையப் பாருங்க."

மூன்றாவது வாரம் ஒரு நாள், கூரையைப் பார்த்தபடியே இரண்டு சுற்றுப் போய்விட்டேன். திரும்பினால், அக்கா களத்தின் நடுவில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். படங்கின் முனையை எப்போதோ கெரியரில் முடிச்சுப் போட்டிருந்தார்.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கடைக்குப் போனேன்; வேலை தப்பிப் பிழைத்தது. அடுத்த வாரமே தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்: "யாருண்ணே பழக்குனா?"

"யாரு பழக்கணும்? ஏறுனேன், ஓடுச்சு" என்றேன். மூலை பெஞ்சில் அக்கா இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஒரு பெண் என் இடுப்பில் படங்கைக் கட்டிப் பழக்கினார் என்று சொல்ல என் மீசை இடம் கொடுக்கவில்லை. அதுவும் அப்படியொன்றும் பெரிய மீசையில்லை. வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பிறந்ததிலிருந்தே வரும் என்றேன். மூன்று வருடம், அக்காவைக் கண்டால் மணியடித்துவிட்டு வேகமாகப் போய்விடுவேன். அவர் கையை அசைப்பார். திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளில் களத்தோரம் வந்தேன். அக்கா பெண்களுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் என் மகளும் அங்கே நின்றாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் படங்கை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, "இந்த வயசுல நமக்கு வராதுக்கா. வந்த ஆளு யாராச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் மணியடித்துப் போயிருப்பேன். இறங்கினேன். படங்கை வாங்கி என் இடுப்பில் கட்டினேன்.

"நான் இருக்கேன். நாப்பத்தாறு வயசுல, இப்படிக் கட்டித்தான் அக்கா பழக்குனாங்க. மூணு தடவ அந்தக் கானுக்குள்ள விழுந்தேன்."

"பொறந்ததுலருந்தே வரும்னு சொன்னீங்களேப்பா?" என்றாள் மகள்.

"பொய்யி."

பெண்கள் சிரித்த சிரிப்பு மேல் லயம் வரை கேட்டிருக்கும். அக்கா மட்டும் நிதானமாக, "சைக்கிளே மூணு வாரத்துல வந்துருச்சு தம்பி. இதுக்கு மூணு வருசமா?" என்று கேட்டு, மடித்த வெற்றிலையை என்னிடம் நீட்டினார். நான் வெற்றிலை போடுவதில்லை. அன்று போட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மகளின் அழைப்பு வந்தது. அந்த ஞாயிறு நான் பேசாமல் போயிருந்தால், இந்தப் பக்கத்தை எழுத எனக்கு என்ன முகம் இருந்திருக்கும்?

அக்காவின் சைக்கிளில் இப்போது மகள் வேலைக்குப் போகிறாள். எனக்கென்று இரண்டு பழக்கங்களை வைத்திருக்கிறேன். ஒன்று, வளைவில் கானைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பது. மற்றது நேற்றும் நடந்தது. கடைக்கு வந்த ஒருவர், வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டி, "இது உங்களோடதா?" என்று மட்டும்தான் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "ரோசலின் அக்கா பழக்குனாங்க."