ஐந்து பெடல் வண்டி

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. காலைத்தான் பார்ப்பார். பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாலும், கண் மட்டும் ஓட்டுகிறவரின் குதிகாலில் இருக்கும். பயம் முகத்துக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். அது எழும்பும்போதே அவருடைய கால் தன் பக்கத்துப் பிரேக்கில் இறங்கியிருக்கும். பதினாறு வருடமாக இதே தொழில். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அவர் பிரேக்கக்கா.

வண்டி கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கழுவி முடித்த காரை இருபது அடி முன்னால் நகர்த்தி, அடுத்த காருக்கு இடம் விட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நகர்த்தாவிட்டால் திட்டு விழும் என்பதால் கற்றுக்கொண்டார். அந்த இருபது அடியை மூன்று வருடம் ஓட்டினார். இரண்டாவது கியரை அவர் கண்ணால் கண்டது அதற்கு அப்புறம்தான். ஆனால் எந்த வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பது காலுக்கு மனப்பாடமாகிவிட்டது.

பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆறு வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். ஓட்டுகிறவருக்கு மூன்று பெடல், அவருக்கு ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஆக மொத்தம் ஐந்து. இப்போது அந்தக் காருக்குத்தான் சிக்கல் வந்திருந்தது. பத்து வயது தாண்டிய வண்டியை ஓட்டுநர் தேர்வுக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி. வெள்ளைக் காருக்கு அடுத்த மாதம் முதல் தேதி பத்து முடிகிறது.

வேறு வண்டி வாங்கலாம் என்றால் காலம் சரியில்லை. ஏதோ ஒரு சின்ன பாகம் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. ஷோரூம்களில் கார் நிற்க வேண்டிய இடத்தில் பூந்தொட்டி நின்றது. முன்பணம் கட்டினால் ஒன்பது மாதம் என்றார்கள். இதனால் பழைய கார்களுக்கெல்லாம் திடீரென்று மாப்பிள்ளை மவுசு.

அலைந்து திரிந்து ஒரு பழைய கார் கடையில், அதே கம்பெனியின் ஐந்து வயதுச் சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்துவைத்தார். வெள்ளையைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, சிவப்பை எடுப்பதாகத் திட்டம். ஆனால் பழைய பெடல்கள் சிவப்புக்குப் பொருந்தாது. அடித்தளம் வேறு மாதிரி. பெடல் செய்யும் கம்பெனியோ ஆறு மாதம் என்றது. அவருக்குப் பழக்கமான லேத் பட்டறைக்காரர்தான் வழி சொன்னார்.

"பழைய வண்டிய தினம் சாயங்காலம் கொண்டாங்க, அளவு பாத்துக்கறேன். புது வண்டி எங்கிட்டயே நிக்கணும். பத்து நாள்ல அடிச்சுத் தரேன்."

அந்தப் பத்து நாளுக்குள் அவரிடம் கற்ற பதினாலு பேருக்குத் தேர்வு இருந்தது. தவறவிட்டால் அடுத்த தேதிக்கு நாலு மாதம். அதில் ஒருத்திக்கு வேலையே உரிமத்தைக் காட்டினால்தான். ஆகவே பத்து நாளைக்கு இரண்டு வண்டியும் அவர் கையில் இருக்க வேண்டும். கார் கிடைக்காத காலத்தில் எந்தக் கடைக்காரரும் கொடுக்காத ஒன்று அது.

கடைக்குப் பேரம் பேசப் போன அன்று கணவருக்கு ஷிப்ட். துணைக்குக் கொழுந்தன் வந்தான். நடைபாதையில் செல்போன் உறை விற்கிறவன். பேரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு.

"அண்ணி, உள்ள போனதும் நீங்க வாயே திறக்கக் கூடாது. வண்டி விக்கிறது ஒரு கலை."

"நீ இதுவரைக்கும் எத்தனை வண்டி வித்திருக்க?"

"போன் கவர் வித்தவனுக்கு வண்டி எம்மாத்திரம்? ரெண்டையும் மேல் தோலைப் பாத்துத்தானே வாங்கறாங்க."

கடைக்காரர் வெள்ளைக் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். ரப்பர் பட்டையை நகத்தால் நிமிண்டினார்.

"பயிற்சி வண்டியா? கிளட்ச் செத்திருக்குமே."

"மாத்தி நாலு மாசம்தான் ஆச்சு. மிதிச்சுப் பாருங்க" என்றார் பிரேக்கக்கா.

மிதித்துப் பார்த்தார். அடுத்தாற்போல் இரண்டாவது ஜோடி பெடலைக் காட்டினார். "இதை யாரு மேடம் வாங்குவா? கழட்டணும், ஓட்டை அடைக்கணும், மேட் மாத்தணும். இதுக்கே பதினஞ்சாயிரம் போயிடும்."

அலுவலக அறையில் கனத்த கண்ணாடி மேசை. ஒரு தாளில் வெள்ளைக் காருக்கான விலையை எழுதி, அதற்குக் கீழே வரிசையாகக் கழித்து, கடைசியில் ஒரு எண்ணைச் சுழித்து நீட்டினார். கழித்த பிறகும் அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஆறாயிரம் அதிகம். கொழுந்தனின் வாய் 'சரி' என்று திறப்பதற்குள் பிரேக்கக்காவின் வலது கால் அவனுடைய காலில் ஏறி அமர்ந்தது. பதினாறு வருடப் பழக்கம், வலுவாகவே மிதித்துவிட்டார்.

"ஆ!"

"என்ன தம்பி?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல சார். விலையப் பாத்து மூச்சடைச்சுப் போச்சு."

பிரேக்கக்கா தாளைப் பொறுமையாகப் படித்தார். "பெடலுக்கு நீங்க கழிக்க வேண்டாம் சார். நானே கழட்டி எடுத்துக்கறேன். அரை மணி நேர வேலை. ஓட்டையையும் அடைச்சே தரேன்."

"வேண்டாம், வேண்டாம்! அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சொன்னவரின் முகம் சிரித்தபடிதான் இருந்தது. ஆனால் கண்ணாடி மேசைக்குக் கீழே அவருடைய குதிகால் செருப்பை விட்டு ஓர் அங்குலம் எழும்பிவிட்டது.

ஒரு தடவை பார்த்ததைப் பிரேக்கக்கா நம்புவதில்லை. மேட்டில் ஒருவன் ஒரு முறை வண்டியைப் பின்னால் உருட்டிவிட்டான் என்பதற்காக அவனுக்கு மேடு ஏறத் தெரியாது என்று முடிவுகட்ட மாட்டார். இன்னும் இரண்டு முறை ஏறச் சொல்வார். எனவே பேச்சை மாற்றினார். ஓடிய கிலோமீட்டரைச் சொன்னார்: குதிகால் அசையவில்லை. பின்பக்கக் கீறலைச் சொன்னார்: அசையவில்லை. "எதுக்கும் அந்தப் பெடலை இன்னிக்கே கழட்டிடறேனே" என்றார். எழும்பியது. டீ வந்தது, குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "எங்க பட்டறைக்காரரைப் போன்ல கூப்பிடட்டுமா? ஸ்பானரோட வருவார்" என்றார். இந்தத் தடவை செருப்பே கழன்று நகர்ந்தது.

"சார், இந்தப் பெடலோட வண்டி வேணும்னு உங்ககிட்ட யாரு கேட்டிருக்காங்க?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான், கடைக்காரரைப் பார்த்தான், தன் நசுங்கிய காலைப் பார்த்தான்.

கடைக்காரர் கடைசியில் சிரித்துவிட்டார். "ஒரு ஆலை மேடம். காம்பவுண்டுக்குள்ளயே அவங்க டிரைவருங்களுக்குப் பயிற்சி குடுக்கறாங்க. அவங்களுக்கு வண்டி வயசெல்லாம் கணக்கில்ல. வண்டி கிடைச்சா பெடல் கிடைக்கல, பெடல் கிடைச்சா வண்டி கிடைக்கல. வாரா வாரம் போன் பண்ணி உயிரெடுக்கறாங்க. அது சரி, நீங்க ஜோசியம் கீசியம் பாப்பீங்களா?"

"இல்ல சார். கால் பாப்பேன்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்கவும் பிரேக்கக்கா முயலவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, கழித்த வரிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். கீறலுக்கு எழுதியதை மட்டும் விட்டுவைத்தார். அது நியாயம்.

"இன்னொண்ணு. சிவப்பு வண்டிய இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன். வெள்ளைய பத்து நாள் கழிச்சுக் கொண்டாந்து விடறேன்."

"என்னது! ரெண்டு வண்டியையும் அனுப்பிட்டு நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா? எவனாவது கேட்டா என்னை வெச்சு சிரிப்பான்."

"தட்டுப்பாடு எனக்கு மட்டுமா சார்? அஞ்சு பெடல் வண்டி உங்களுக்குப் பத்து நாள்ல வேணுமா, ஆறு மாசத்துல வேணுமா?"

"சிவப்புக்கு நாலு பேர் காத்திருக்காங்க மேடம்."

"அந்த நாலு பேர் மாத்திக்கக் கொண்டார்ற வண்டியிலயும் மூணு பெடல்தானே இருக்கும்?"

கொழுந்தன் தாங்க முடியாமல் மேசையைத் தட்டினான். "அப்படிப் போடுங்க அண்ணி!"

கடைக்காரர் வெளியே போய் ஆலைக்குப் பேசினார். திரும்பி வந்தபோது செருப்பை ஒழுங்காகப் போட்டிருந்தார். பத்து நாள் பொறுப்பார்களாம். ஒப்பந்தத்தில் 'பத்து நாட்களுக்குள்' என்று எழுதியதைப் பிரேக்கக்கா ஏற்கவில்லை. தேதி போடச் சொன்னார். தேதி போட்டதும், கடைசித் தேர்வு பகலில் முடியும் என்று கணக்குப் பார்த்து, மாலை ஐந்து மணி என்று சேர்க்கச் சொன்னார். பிறகுதான் கையெழுத்து.

வாசலில் காவலாளி இரண்டு கார்களையும் மறித்தார். சிவப்பில் பிரேக்கக்கா, பின்னால் வெள்ளையில் கொழுந்தன். காவலாளி நோட்டைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், பிறகு உள்ளே போன் போட்டார்.

"ஐயா, மாத்திக்க வந்தவங்க ரெண்டு வண்டியையுமே ஓட்டிட்டுப் போறாங்க. ஒண்ணாவது உள்ள நிக்க வேணாமா? ... விடறதா? ... நெசமாவா?"

கதவு திறந்தது. கொழுந்தன் தெருமுனை வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பத்தாம் நாள் நாலே முக்காலுக்கே வெள்ளைக் கார் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கூட்டிப் பெருக்கி, கண்ணாடி துடைத்து. ஆலையிலிருந்து வந்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பெடலையும் மாறி மாறி மிதித்துவிட்டு, அப்போதே சாவியைக் கேட்டார். பதினாலு பேரில் பதிமூன்று பேர் தேர்வில் தேறியிருந்தார்கள். வேலை காத்திருந்த பெண் உரிமம் கைக்கு வந்த அன்றைக்கே அதில் சேர்ந்தாள்.

தேறாத ஒருவர் ஐம்பத்தெட்டு வயதுத் தையல்காரர். வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடச் சொன்னால், வெயிலில் வைப்பரைப் போட்டுவிட்டார். மறுநாள் காலை, பட்டறையிலிருந்து புதுப் பெடல்களோடு வந்து நின்ற சிவப்புக் காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான். இருக்கையை முன்னால் இழுத்து, பெல்ட்டை மாட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அக்கா, இதுல வைப்பர் எந்தப் பக்கம்?"