ஈஸ்ட் பட்ட கை

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு பாண் பேக்கரியில் மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுச் சளியோடு என் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பென்சிலின் ஊசியில் காய்ச்சல் விட்டது. ஆனால் வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, பால் குடிக்க முடியாமல் மகளின் கண் குழிந்துகொண்டே போனது.

"அந்த ஊசியையே இன்னும் போடுங்கோ, மிஸ்ஸி" என்று நர்ஸிடம் கெஞ்சினேன்.

"அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். இது ஈஸ்ட் இனம். அந்த ஊசிக்குக் கேக்காது."

தினமும் முழங்கை வரை ஈஸ்ட் மாவுக்குள் கிடக்கிற கையால் அல்லவா பிள்ளையைத் தூக்கினேன்! குழாயடிக்கு ஓடித் தோல் எரியத் தேய்த்துக் கழுவினேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளையைப் பிடியுங்கோவன்" என்றாள் மனைவி. மகளும் கை நீட்டினாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"ஏலாது. நான்தான் இதைப் பிள்ளைக்குக் குடுத்தனான்."

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாண் ஈஸ்ட் வேறை, ஐயா. இது எல்லாற்றை வாயிலையும் கொஞ்சம் இருக்கிறதுதான். நல்ல பாக்டீரியா அதை அடக்கி வைச்சிருக்கும். ஊசி கெட்டதோடை நல்லதையும் கொன்றுபோட்டுது, இது பெருகிட்டுது. பாக்டீரியாவை விட ஈஸ்ட் பெரிசு, உடம்புக் கட்டே வேறை. அதுக்கு வேறை மருந்து. பிள்ளையின்ரை தலையைப் பிடியுங்கோ."

பிடித்தேன். மிஸ்ஸி வாய்க்குள் ஊதா மருந்து பூசினார். மெல்ல மெல்ல மகள் பால் குடித்தாள்.

அவள் பிழைத்ததை நினைத்தாலே கண் கலங்கும். ஆனால் இன்றும் உறுத்துவது, அவள் கை நீட்டியும் தூக்காமல் நான் பின்னால் நகர்ந்த அந்தக் கணம்தான்.