இறக்காமல் திரும்பிய ஓலை வண்டி

அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான் என்பது எனக்குத் தெரியும். பெயர்கள் கடைசியில் இருக்கின்றன. பார்த்துவிட்டு, பொழுது மிஞ்சினால் இங்கே திரும்பி வரலாம்.

நான் எழுத உட்கார்ந்ததும் சித்தப்பா வந்து ஒரு யோசனை சொன்னார்.

"நம்ம முப்பாட்டன் ராசா படையில தளபதியா இருந்தாருன்னு ஆரம்பிச்சுரு தம்பி."

"அதுக்கு ஆதாரம் இருக்குதுங்களா சித்தப்பா?"

"நீ எழுதீட்டா அதே ஆதாரம். பத்திரிகையில வாரா வாரம் என்னென்னமோ எழுதறே, இது ஒண்ணு சேத்தி எழுதுனா கை நொந்து போயிருமா?"

சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைவிட நல்ல மதிப்புரை இதுவரை கிடைத்ததில்லை. ஆனால் நான் படித்த சரித்திரப் புத்தகங்களில் எங்கள் முப்பாட்டனைக் காணவில்லை. ராஜாக்கள் இருக்கிறார்கள், அவர்கள் யானைகளும் பெயரோடு இருக்கின்றன. குடியானவன் இரண்டே இடங்களில் வருகிறான். வரி என்றால் கட்டுகிறான், பஞ்சம் என்றால் சாகிறான். நடுவில் அவன் என்ன நினைத்தான், யாரிடம் என்ன சொன்னான் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அண்ணன் அவர்கள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை இங்கே குறித்து வைக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

அண்ணன் பிறந்தது புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து வீட்டில். ஒரு கிணறு, கொஞ்சம் மேட்டுக்காடு, வரப்போரம் பனை வரிசை. அக்கம்பக்கம் வேறு வீடு கிடையாது. எங்களைப் பெற்ற ஐயன் காலமானபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார். என்னைச் சேலத்தில் படிக்க வைத்தார். அந்தப் படிப்பின் பயனை இப்போது நீங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் ஓரளவு நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் வோட்டு. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் சிலரே. அண்ணன் அவர்களில் ஒருவர். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் தேர்தலில் நின்றார். வெயிலில் எங்கள் தோட்டத்துக்கு நடந்தே வந்து, மோர் வாங்கிக் குடித்து, வோட்டுக் கேட்டார். அண்ணன் "சரிங்க" என்றார். குறித்து வைக்கிறேன் என்று நான் சொன்ன அவருடைய ஒரே வார்த்தை இதுதான்.

மறுவாரம் மணியக்காரர் ஊரைக் கூட்டினார். நெய்க்காரரை எதிர்த்து நின்றவர் மணியக்காரருடைய மைத்துனர். ஊர் முழுக்க மைத்துனருக்கே போடுவது என்று முடிவாயிற்று. அண்ணன் மட்டும் எழுந்து, "மொதல்ல வந்தவருக்குச் சொல்லிப்போட்டனுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வோட்டுச் சாவடியில் யார் எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது, ஆகவே இந்தப் பேச்சும் அப்படியே மறைந்துபோகும் என்று நினைத்திருப்பார்கள்.

மைத்துனர் ஜெயித்தார். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் போட்ட அந்தச் சாவடியில் நெய்க்காரருக்கும் சில வோட்டு விழுந்திருந்தது. மணியக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கோயில் வாசலில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் மாரியாத்தா மேல் ஆணையாக மைத்துனருக்கே போட்டதாகச் சொன்னார்கள். அண்ணனின் முறை வந்தது.

"நெய்க்காரருக்குத்தானுங்க போட்டேன்."

"ஏப்பா, அது ரகசியம். சொல்லோணும்னு சட்டமில்லியே. நீ பேசாம இருந்திருக்கலாமல்லோ?" மணியக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

"மறைச்சு வெக்கறதுக்கு அதென்னங்க, களவாண்ட பொருளா?"

வெள்ளைக்காரன் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த ரகசிய வோட்டு எங்கள் ஊரில் இப்படி ஒரு குடியானவரிடம் தோற்றது. அன்றே அண்ணனை ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். யாரும் பேசக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. இதற்கு முந்திக்கொண்டு கை தூக்கியவர்களில் நெய்க்காரருக்குப் போட்ட மற்றவர்களும் இருந்திருக்க வேண்டும். நெய்க்காரர் தோற்றதும் நெய்க்கே திரும்பிவிட்டார். இப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாப் பந்தலுக்கு ஒவ்வொரு குடியும் ஒரு வண்டி பனையோலை கொண்டுவர வேண்டும். ஊரில் நீ ஒருவன் என்பதற்கு அதுவே அடையாளம். தள்ளி வைத்த வருஷமும் அண்ணன் ஓலை வெட்டி வண்டி கட்டிப் போனார். யாரும் இறக்கவில்லை. பொழுது சாயும் வரை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும்.

லீவில் வந்திருந்த நான் கேட்டேன். "எதுக்குங்கண்ணா? எறக்க மாட்டாங்கன்னு தெரியுதல்லோ?"

"எறக்கறது அவிய வேலை சாமி. கொண்டு போறது என்ற வேலை."

திரும்பி வந்த ஓலையெல்லாம் மாட்டுத் தொழுவத்தின் மேல் ஏறியது. இந்தச் சுற்று வட்டாரத்திலேயே மழைக்கு ஒழுகாத தொழுவம் எங்களுடையதுதான். எங்கள் எருமைகள் ஊர்ப் பகையில் சுகமாக வாழ்ந்தன.

அண்ணி அவர்கள் தவறியது அந்த ஆண்டுகளில்தான். பாடை தூக்க ஜேடர்பாளையத்திலிருந்து அண்ணியின் பிறந்த வீட்டார் வந்தார்கள். அதன்பின் அண்ணன் அந்தத் தோட்டத்தில் தனியே இருந்தார். சேலத்துக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், "கெணத்துக்கு ஆரு பேச்சுத் துணை?" என்பார். நான் சிரிப்பேன். சிரிக்க வைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

மணியக்காரர் காலமானார். சண்டை எதற்கு வந்தது என்பதே பலருக்கு மறந்து போயிற்று. ஒரு நோம்பிக்குப் பந்தல் போட வந்த வெளியூர் ஆட்கள், விஷயம் தெரியாமல், அண்ணன் வண்டியிலிருந்த ஓலையை இறக்கிவிட்டார்கள். ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. தள்ளி வைத்ததற்குக் கூட்டம் போட்டார்கள். சேர்த்துக்கொண்டதற்குப் போடவில்லை.

காலி வண்டியோடு வீடு வந்தவரை, "அப்பறம் விருந்துக்குப் போவலீங்களா?" என்று கேட்டேன்.

"ஓலையத்தான் எறக்குனாங்க. என்னைய வான்னு கூப்புடலயே, சாமி."

கடைசி வரை ஆண்டுதோறும் அண்ணனின் ஓலை பந்தலில் இருந்தது. பந்தலின் கீழ் அண்ணன் ஒருநாளும் உட்காரவில்லை. காய்ச்சலில் படுத்தவர், வரப்போரப் பனைகள் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். அப்படியே அடங்கினார்.

அன்று காலை, யாரும் சொல்லாமலே, துக்கப் பந்தலுக்கு ஊரிலிருந்து ஓலை வண்டிகள் வந்தன. தோட்டத்துத் தடத்தில் வரிசையாக நின்றன. வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கிணற்று மேட்டுக்குத் தனியே கூட்டிப்போய், "நானும் அன்னிக்கு நெய்க்காரருக்குத்தாஞ் சாமி போட்டேன்" என்று காதோடு சொன்னார்கள். அத்தனை பேரும் போட்டிருந்தால் எங்கள் சாவடியிலாவது நெய்க்காரர் ஜெயித்திருப்பார். வோட்டே இல்லாத ஒருவர்கூடப் போட்டதாகச் சொன்னார். அண்ணனிடம் இதைச் சொல்ல அவர்களுக்கு இத்தனை காலம் இருந்தது.

சித்தப்பா என் தோளைத் தொட்டார். "வண்டிகளத் திருப்பியுட்டுரலாமா தம்பி? அவியளுக்கும் தெரியட்டுமே."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலையைச் செய்து பழக்கப்பட்ட குடும்பம் எங்களுடையதல்ல. எல்லா வண்டிகளையும் இறக்கச் சொன்னேன்.

ஜேடர்பாளையத்து மாமன் வீட்டார் இரண்டு முறை பாடை தூக்கினார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. காய்ச்சலுக்கு ராசிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து பார்த்த டாக்டருக்கு, ஆண்டுதோறும் பனையேறி ஓலை வெட்டித் தந்தவருக்கு, இல்லாத தளபதிக்காகக் கடைசி வரை வாதாடிய சித்தப்பாவுக்கு, ஓலை கொண்டுவந்த ஊரார் அனைவருக்கும் எங்கள் நன்றி.

இன்று அவர்கள் கொண்டுவந்த அந்த ஓலையாலேயே போட்ட பந்தலின் கீழ் இலை போட்டிருக்கிறோம். எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும். ஒவ்வொருவரையும் நான் கூப்பிடுகிறேன். கூப்பிடவில்லை என்று இந்த வீட்டு வாசலில் ஒருவரும் நிற்கக் கூடாது.