ஒரு தட்டுக்கு ஒரு பக்கம்

கன்னம் முழுக்க நுரை பூசியாயிற்று. கத்தியில் புது பிளேடும் மாட்டியாயிற்று. ஆனாலும் கத்தி இறங்காது. முதலில் புத்தகம் நிற்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் உள்ள பலகையில் புத்தகத்தை விரித்துச் சாய்த்து, கழுத்துத் துணிக்குப் போடும் கிளிப்பால் அதைக் கவ்வி, வந்தவரின் தாடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்வையை நேராக்கி, "ம்... படிங்க" என்பான் எங்கள் தெருச் சவரக்கடைக்காரன். அதற்குப் பிறகுதான் சவரம்.

துணிக்குள் கை சிறைப்பட்டிருக்கும்போது பக்கத்தை யார் புரட்டுவது? அதற்கும் ஏற்பாடு உண்டு. ஒரு பக்கம் முடிந்ததும் நாற்காலியின் கால்தாங்கியில் காலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உடனே இவனுடைய இடக்கைச் சுண்டு விரல் பாய்ந்து போய்ப் பக்கத்தைப் புரட்டும். அந்த விரலில் மட்டும் நுரையோ எண்ணெயோ படவிடமாட்டான். மற்ற விரல்கள் எல்லாம் உழைக்க, அது ஒன்று மட்டும் பந்திக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

தெருவில் இவனுக்கு 'மூளை' என்று பெயர். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். "தினமும் கொஞ்சம் படிச்சா மூளை துருப்பிடிக்காது முதலாளி. மறதி கிட்டவே வராது. கோவம் கொறையும். மனசு தெளிஞ்ச தண்ணி மாதிரி ஆயிடும்."

துருவைப் பற்றி எனக்கே பாடம்! அவன் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி உதிரிபாகக் கடை என்னுடையது. அவன் இருக்கும் கடையும் என்னுடையதுதான். அந்த வரிசையே என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டி, பழைய இரும்பு சுமந்து, செங்கல் செங்கல்லாக நான் எழுப்பியது. எந்தப் புத்தகமும் வந்து எனக்குக் கலவைச் சட்டி தூக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? படிப்பு மூளையைத் தீட்டுமென்றால், தெருவையே படிக்க வைக்கும் இவன் ஏன் இன்னும் ஒற்றை நாற்காலியோடு நிற்கிறான்? நேராகவே கேட்டேன்.

"நாற்காலி ஒண்ணுதான் முதலாளி. அதுல உக்காந்தே எத்தன பேரு எங்கெங்க போயிட்டு வந்திருக்காங்க!" என்றான். பதிலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மறதி வராதாம். வேலைக்கு நேர்காணல் என்று அவசரமாக வந்த ஒருவர் முகத்தை இவனிடம் கொடுத்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டி இவனும் சேர்ந்து படித்ததில், ஒரு பக்கக் கிருதாவை எடுத்துவிட்டு மறுபக்கத்தை மறந்தே போனான். பாவம், அந்த மனிதர் பாதி பாதியாக இரண்டு முகத்தைச் சுமந்துகொண்டு போய் வேலை கேட்டிருக்கிறார். இவனைக் கேட்டால், "அந்த எடத்துல யாரா இருந்தாலும் கை நின்னுடும் முதலாளி" என்கிறான்.

எனக்கென்றும் ஒரு புத்தகம் எடுத்து வைத்திருந்தான். நான் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். விடுவானா? முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவான். தொண்டையில் கத்தி இருக்கும்போது எந்தச் சூரன் வாதாடுவான்? அடுத்த முறையும் அதே முதல் பக்கம்தான். "ஏண்டா, ஒரே பாட்டையே பாடுற?" என்றால், "நீங்க இன்னும் தட்டலையே, நான் எப்படிப் புரட்டுறது?" என்பான். தட்டுவேனா நான்? வருடக்கணக்காக அந்தப் புத்தகம் முதல் பக்கத்திலேயே கிடந்தது.

எல்லாவற்றையும் பொறுத்தேன். பஸ் விவகாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை என் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "ரெண்டே நிமிஷம்" என்று சவரத்துக்கு உட்கார்ந்தார். கதையில் என்ன இழவோ, தட்டிக்கொண்டே இருந்தார். ஜனங்கள் கத்துகிறார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோய் உள்ளே வந்தார்.

"இன்னும் ஒரே பக்கம்ப்பா," என்றார் டிரைவர், நுரைக்குள்ளிருந்து.

"யோவ், நீ இங்க பக்கத்தப் புரட்டு, அங்க அவங்க பஸ்ஸையே புரட்டப்போறாங்க!"

இறங்கி வந்த கூட்டம் கடைக்காரன் யாரென்று தெரியாமல் கட்டடக்காரனான என் வாசலில் நின்று வைதது. கோபம் குறையுமாம், கோபம்! அன்றைக்கே மூளையின் கடைக்குள் போய் நின்றேன்.

"இந்தப் புத்தக அலமாரிய எடு. இல்லாட்டி கடையக் காலி பண்ணு."

"அது பாட்டுக்கு மூலையில நிக்குது முதலாளி. யாரு கழுத்த அறுக்குது?"

"நீ அறுக்குறது போதாதா?"

அவன் சிரிக்கவில்லை. புத்தகங்களில் செருகியிருந்த பிளேடு உறைகளைக் காட்டினான். யார் எதுவரை படித்தார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒன்று. "எல்லாருக்கும் பாதியில நிக்குது. எடுத்துட்டா நான் அவங்களுக்கு என்ன சொல்றது?"

"சவரம் பண்றேன்னு சொல்லு. பொறந்ததுலருந்து அந்த ஒரு தொழில்தான் உனக்குத் தெரியும். இந்த ஒரு கடைதான் உனக்குக் கெடைக்கும். படிச்ச மூளைதானே, யோசி."

நேற்றுக் காலையில் போனேன். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச்சுவர் மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. கண்ணாடிப் பலகையில் பவுடர் டப்பா, படிகாரக் கல், கவ்வ ஒன்றும் இல்லாத கிளிப். "உக்காருங்க முதலாளி," என்றான். அப்புறம் பேச்சே இல்லை. கத்தி வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது. இதைத்தானே இத்தனை காலமாகச் சொல்கிறேன். தொழில் என்றால் தொழிலாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள அவசியம் இல்லாததால் திறந்தே வைத்திருந்தேன்.

பாதிச் சவரத்தில் வலது கால் மரத்துப்போயிற்று. உதறினேன். குதிகால் கால்தாங்கியில் பட்டு 'டக்' என்றது.

கத்தி நின்றது. நுரை படாத அந்தச் சுண்டு விரல் என் முகத்தைத் தாண்டிப் போய், கிளிப்புக்கு மேலே வெறும் கண்ணாடியை வலமிருந்து இடமாக ஒருமுறை தள்ளிவிட்டு வந்தது.