பச்சை மையில் இரண்டு முதலிடங்கள்

எனக்கு முன்கோபம் உண்டு என்பது மயிலாப்பூரில் என் கிளினிக் இருக்கும் தெரு முழுக்கத் தெரியும். தெரிந்தும், ஆகஸ்ட் மாதம் பிறந்தால் என் பழைய மாணவர்கள் படையெடுத்து வந்துவிடுவார்கள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு, ரெசிடென்சி என்கிறார்களே அதற்கு, விண்ணப்பம் போடுகிற காலம் அது. இந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று பேராசிரியர்கள் மூன்று பேராவது கடிதம் தர வேண்டும். வெறும் கடிதம் போதாதாம், ‘ஸ்ட்ராங்கா’ இருக்க வேண்டுமாம். காப்பிக்குச் சொல்வது மாதிரியேதான் சொல்வார்கள்.

அரசு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வட்டாரத்தில் இந்தக் கடித விஷயத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கடிதத்தைப் பேராசிரியர் எழுதுவதில்லை. “நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்” என்பதோடு அவர் வேலை முடிந்தது. என் பேராசிரியரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார், நானும் வழி வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுத வேண்டும். முதல் தடவை கூச்சப்பட்டு ‘ஓரளவு நன்றாகப் படிப்பவர்’ என்று எழுதுவார்கள். கூடப் படித்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டாம் தடவை எழுதும்போது தன்வந்திரியே வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போனதுபோல எழுதிவிடுவார்கள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காக்காரர்கள் மாணவர்களிடம் ஓர் உறுதிமொழி வாங்குகிறார்கள். என்னைப் பற்றிய கடிதத்தை நான் பார்க்கமாட்டேன், பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆக, தானே எழுதி, தானே டைப் அடித்து, தானே பிழை திருத்திய கடிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டேன் என்று ஒரு சத்தியம். எல்லோரும் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு செய்வார்கள்.

நானும் அந்தக் கடிதங்களைப் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. படிக்கிற கண்ணாடியை எப்போதும் அடையாறு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அவர்களே அதைப் படமெடுத்து, அவர்கள் லேப்டாப்பிலேயே ஏற்றுவார்கள். பாஸ்வேர்டை மட்டும் நான் அடிப்பேன், அதையும் அவர்கள்தான் எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள்.

என் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும், நான் எரிந்து விழுந்தால் நோயாளிகளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதும் ஒரு அம்மாள். மருத்துவமனையில் என் வார்டில் ஆயாவாக இருந்தவர். நான் ஓய்வு பெற்ற வருடமே அவரும் ஓய்வு பெற்று என்னோடு வந்துவிட்டார். அவருக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடும் அழகு பிடிக்காது. “இன்னா டாக்டரம்மா, படிக்காமயே போட்டுக்கினு கீறீங்க? ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் சொத்த எழுதி வாங்கிடப் போறாங்க” என்பார். உன் வேலையைப் பார் என்பேன்.

அந்த வருடம் முதலில் வந்தவன் தி.நகர் பையன். தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். கூடவே அப்பாவும் வந்தார். ஸ்ட்ராங்கான கடிதம் என்று மகன் சொன்னதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தார். முத்திரையும் மையும் அழுத்தமாக இருந்தால் கடிதம் ஸ்ட்ராங் என்பது அவர் எண்ணம். “பச்ச மையில போட்டாத்தாம்மா ஒரு மதிப்பு. கூடவே ஒரு ரவுண்டு சீலும் வச்சிருங்க” என்றார். பெரிய அரசாங்க அதிகாரி போடுகிற பச்சை மைக் கையெழுத்துக்கு இந்த ஊரில் பலிக்காத காரியம் இல்லை, ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரை பலிக்கும். அமெரிக்காவில் அந்தப் பச்சைக்கு என்ன மரியாதை என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் காலத்துப் பச்சைப் பேனா ஒன்று டிராயரில் கிடந்தது. போட்டுக் கொடுத்தேன். சீலையும் குத்தினேன்.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். ராயப்பேட்டையில் அவளுடைய அத்தா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாய் திறந்து பேசாத பெண். போன வருடமும் விண்ணப்பித்து எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. “இந்த வருஷத்தோட கடைசி மேடம். கிடைக்கலன்னா விட்டுடறதா வீட்ல சொல்லிட்டேன்” என்றாள். பச்சைப் பேனா மேசைமேலேயே இருந்ததால் அவளுக்கும் அதிலேயே போட்டேன். அவள் போன ஐந்து நிமிடத்தில் அவளை மறந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம், அடையாறு வீட்டில் காலைக் காப்பியோடு கண்ணாடியையும் போட்டுக்கொண்டு மின்னஞ்சலைத் திறந்தால், அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம். அவர்கள் திட்டமாட்டார்கள், நன்றி சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குவார்கள். என் கடிதங்களுக்கு மிக்க நன்றியாம். இரண்டு விண்ணப்பதாரர்களைப் பற்றி எழுதியிருக்கிறேனாம். ‘என் முப்பத்தொரு வருட ஆசிரியப் பணியில் நான் கண்ட தலைசிறந்த மாணவர் இவரே’ என்று இரண்டு பேரையும் பற்றி ஒரு எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேனாம். இதைப் புரிந்துகொள்ள நான் உதவினால் மகிழ்வார்களாம். அதுவரை இரண்டு கடிதங்களையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

முப்பத்தொரு வருடம் என்பதுதான் என்னை முதலில் சுட்டது. என் சர்வீஸே இருபத்தாறு வருடம்தான். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. யாரோ ஒரு சீனியர், யாரோ ஒரு பேராசிரியருக்காக எழுதிய ஒரு மூலக்கடிதம் எங்கள் கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அந்த முப்பத்தொரு வருடம் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதில் கையெழுத்துப் போட்டு, ரவுண்டு சீலும் குத்தி அனுப்பியவள் நான்.

தி.நகர் பையனுக்கு போன் செய்தேன். “பரவால்ல மேடம், வேற ஒன்பது இடத்துல கூப்பிட்டிருக்காங்க” என்று என்னையே தேற்றினான். அடுத்து அந்தப் பெண்ணுக்குச் செய்தேன். அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது அந்த ஒரே இடம்தான். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். “சரி மேடம்” என்றாள். அந்தச் சரி எனக்குப் பொறுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாகக் காப்பியைக் குடித்திருப்பேன்.

சரி, இந்த முறை நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன். பையனுக்கு எழுதுவது கஷ்டமாக இல்லை. வகுப்பில் நன்றாகத் தூங்குவான். ஆனால் வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் மருந்து மாத்திரையை விளக்கச் சொன்னால், கடையில் புடவையை விரித்துக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக, பொறுமையாக, சலிக்காமல் சொல்வான். அதை அப்படியே எழுதினேன், தூக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நேரத்துக்கு வருவாள். அமைதியானவள். கையெழுத்து நன்றாக இருக்கும். இதை வைத்து நூலகத்தில் வேலை வாங்கலாம், ரெசிடென்சி வாங்க முடியாது. ஒரு வருடம் என் கண் முன்னால் நின்ற பெண்ணைப் பற்றி எனக்கு மூன்று வரிக்கு மேல் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு வியர்த்துப்போய் வந்தாள். உன்னைப் பற்றிச் சொல் என்றேன். மூலக்கடிதத்தை ஒப்பித்தாள். கடின உழைப்பு, குழு மனப்பான்மை, கருணை உள்ளம். எனக்கு வழக்கம்போல் கோபம் ஏறிவிட்டது.

“இதெல்லாம் எல்லாரும் சொல்றதும்மா. நீ செஞ்சு, நான் என் கண்ணால பார்த்தது ஏதாவது ஒண்ணு சொல்லு” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் டோக்கன் டப்பாவோடு நின்ற அம்மாளுக்கு அது தாங்கவில்லை.

“ஏன் பாப்பா, அந்த ஆட்டோக்காரர் கதைய சொல்றதுதானே? அன்னிக்கு இந்தம்மா உன்ன இன்னா கத்து கத்துனாங்க” என்றார்.

நினைவு வந்துவிட்டது. வராமல் இருக்க நான்கு வருடமாக நான் பாடுபட்டிருக்கிறேன்.

அவள் என் வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நடந்தது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் மேல்வயிற்றில் வலி, வாந்தி என்று வந்து படுத்திருந்தார். காலை ரவுண்ட்ஸில் நான் தொட்டுப் பார்த்துவிட்டு, டீயும் பரோட்டாவும் தின்று வந்த வயிற்றுப்புண், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். இந்தப் பெண், ஈசிஜி எடுத்துப் பார்க்கலாமா மேடம் என்று மெல்லக் கேட்டாள். வயிற்று வலிக்கெல்லாம் ஈசிஜி எடுத்தால் பேப்பருக்கு எங்கே போவது என்றேன். கூட வந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன்.

அவள் எடுத்துவிட்டாள். எடுத்த தாளோடு என் பின்னால் ஓடி வந்தாள். சொல்லச் சொல்ல எடுத்தாயா என்று நான் அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டேன். யார் யூனிட் இது, நீ பேராசிரியையா நான் பேராசிரியையா, இன்னும் என்னென்னவோ. அழுகை வந்தது அவளுக்கு. ஆனால் தாளை நீட்டிய கையை மட்டும் அவள் இறக்கவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அதைப் பார்த்தேன். மாரடைப்பு. மாரடைப்பு சிலருக்கு வயிற்று வலியாக வரும் என்பது இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஓட்டுநரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார்.

இதோடு போகவில்லை. அடுத்த மாதம் எங்கள் துறைக் கூட்டத்தில் அந்த ஈசிஜியைத் திரையில் போட்டு, வித்தியாசமான மாரடைப்பு ஒன்றைக் கண்டுபிடித்த கதையை நான் சொன்னேன். யார் எடுத்த ஈசிஜி என்று சொல்லவில்லை. கைதட்டினார்கள். அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “இதை ஏன் நீ எழுதிட்டு வரலை? இதைவிட ஸ்ட்ராங்கா என்ன வேணும் உனக்கு?” என்று அதட்டினேன்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்க கையெழுத்து போடணுமே மேடம்” என்றாள்.

 டோக்கன் அம்மாள் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விட்டார்.

கடிதம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. ‘நோயாளியின் நிலை குறித்து எங்களிடையே ஒரு சிறு கருத்து வேறுபாடு எழுந்தபோது’ என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்து, என்னையே நான்கு திட்டு திட்டிவிட்டு அழித்தேன். கடைசியில் எழுதியது எளிமையாகவே வந்தது. நான் தவறாகச் சொன்னேன். அவள் சரியாகச் செய்தாள். அதற்காக அவளைப் பலர் முன்னால் திட்டினேன். அவள் கையை இறக்கவில்லை. பிறகு அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொண்டேன். முந்தைய கடிதங்கள் இரண்டையும் படிக்காமலே கையெழுத்திட்டேன், என் சர்வீஸ் இருபத்தாறு வருடம், அதில் தலைசிறந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் உயிர் போகிற நிலையில் நான் படுத்திருந்தால் பக்கத்தில் இந்தப் பெண் இருக்க வேண்டும் என்று விரும்புவேன். சாதாரண நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டேன். சீல் குத்தவில்லை.

ஏற்றுவதற்கு அவளே லேப்டாப்போடு வந்தாள். எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டுத் தடுமாறி ஏற்றி முடிக்கும்வரை சுவரில் இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோ வேறு யாரோ சொல்லித் தராமல், பாஸ்வேர்டை நானே நினைவு வைத்து அடித்தேன்.

அமெரிக்காவிலிருந்து ஒரு வரியில் நன்றி வந்தது. அது எந்த வகை நன்றி என்று தெரியாமல் மார்ச் மாதம் வரை நோயாளிகள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மார்ச்சில் முடிவு வந்தது. அந்த இடத்திலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. பையனுக்கும் வேறு ஊரில் கிடைத்து, அவன் அப்பா இரண்டு கிலோ அல்வாவோடு வந்து, எல்லாம் பச்சை மையின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தாள். அத்தா கொடுத்தனுப்பியது என்று ஒரு படிக்கிற கண்ணாடியை மேசையில் வைத்தாள். கிளினிக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாராம். டோக்கன் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிராயரைத் திறந்தேன். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவளுக்காகவே எடுத்து வைத்திருந்தேன். நேரில் சொல்ல வராத மன்னிப்பெல்லாம் அதில் இருந்தது. எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இப்போது படித்துப் பார் என்று நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“வேணாம் மேடம். பார்க்கமாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்” என்றாள்.

நான் நீட்டிய கையை இறக்கவில்லை. அவளும் வாங்கவில்லை. கடைசியில் அந்த மன்னிப்பை வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.