பட்டாலியனுக்கு இருபத்தெட்டுச் சமையல்காரர்கள்

எங்கள் ராணுவத்தில் இருபத்தேழு பட்டாலியன்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட ஒரு தோட்டா சுட்டதில்லை. ஆனாலும் அந்த ராணுவம் ஒருவனின் வாழ்க்கையைத் தகர்த்தது. தகர்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. என் அப்பா பள்ளி ஆசிரியர், திருச்சபையில் மூப்பர்; கடைத்தெருவில் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்வார்கள். அவன் மேடவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். அவனுடைய அப்பா கல்குவாரியில் கூலி. அம்மா எங்கள் கல்லூரி விடுதியின் சமையல்கூடத்தில் பாத்திரம் துலக்கினார். இந்தக் கடைசி விவரம் வகுப்பில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இருவரும் என்.சி.சி.யில் சேர்ந்தோம். நான் சீருடைக்காகச் சேர்ந்தேன். அவன் அணிவகுப்பு முடிந்ததும் தரப்படும் டிபனுக்காகச் சேர்ந்தான். அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான். அங்கே கற்ற அரைகுறைப் பாடத்தை வைத்து, இல்லாத ஒரு நாட்டுக்கு ராணுவம் அமைக்கத் தொடங்கினோம். நாட்டின் பெயர் சேய்மை. பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, நான்கு கம்பெனி ஒரு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேடு, மூன்று பிரிகேடு ஒரு டிவிஷன். மூன்று டிவிஷன்களுக்கும் மேலே தலைமைத் தளபதி. அந்தப் பதவி என்னுடையது.

கையெழுத்து அவனுடையது. என் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும், அவனுடையது அச்சு. எனவே நான் சொல்ல, அவன் ஒரு நோட்டில் எழுதினான். சேய்மைக்கு வரைபடம் வரையச் சோம்பல்பட்டு, தற்காலிகமாக நம் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததும் நான்தான். முதல் டிவிஷனின் தலைமையகம் சிங்கப்பெருமாள் கோவில். கிடங்கு, அந்நாளில் வயலும் முள்ளுமாகக் கிடந்த பொத்தேரி. டாங்கிகள் மேடவாக்கம் ஏரிக்கரை.

"எங்க வூட்டாண்ட எதுக்கு மச்சான் டாங்கி? எங்க அம்மா வறட்டி தட்ற எடம் அது" என்று அவன் ஆட்சேபித்தான்.

"அப்புறம் மாத்திக்கலாம், எழுதுடா" என்றேன். மாற்றவே இல்லை.

அவன் சொந்தமாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. நான் ஜெனரல்களையும் பீரங்கிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது பேனாவை மூடிவிட்டு, "இவனுங்களுக்கு எவன் சோறாக்குவான்?" என்று கேட்டான். அவனே பட்டியலும் போட்டான். பட்டாலியனுக்கு இருபத்தெட்டுச் சமையல்காரர்கள், பன்னிரண்டு பாத்திரம் துலக்குவோர், ஒன்பது விறகு பிளப்போர், பதினாறு கக்கூஸ் குழி வெட்டுவோர். முந்நூறு மாணவர் சாப்பிடும் விடுதியில் எத்தனை கைகள் தேவைப்படுகின்றன என்பதை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு உருவான பட்டியல் அது. எனக்கு அது அலுப்பாக இருந்தது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பட்டம் வாங்கிய ஆண்டு எழுபத்தொன்று. இருவரும் தேர்வு எழுதினோம், இருவரும் அரசாங்க குமாஸ்தா வேலைக்குத் தேர்வானோம். போலீஸ் விசாரணை அறிக்கை போனால் நியமன உத்தரவு வரும். அவன் வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளக்காரன் அவனாகத்தான் இருந்திருப்பான். காத்திருந்த நாட்களிலும் நாங்கள் ராணுவத்தை விடவில்லை. அந்த டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் கருப்புக் காகிதம் ஒட்டினோம்.

ஒரு காலைப் பொழுது, தாம்பரம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அவன் அந்த நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த ஒரு பயணியின் கண்ணில் 'சிங்கப்பெருமாள் கோவில், முதல் டிவிஷன்' என்ற வரி பட்டது. "ஸ்பை, ஸ்பை" என்று அவர் கத்த, மின்சார ரயிலுக்கு நின்றிருந்த கூட்டம் அவன் சட்டையைக் கிழித்தது. மூக்கில் ரத்தத்தோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கூட விளையாடியவன் யார் என்று கேட்டபோது என்னைச் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் எப்படி?

எங்கள் வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "சார், புள்ளயாண்டானாண்ட ஒரு வார்த்த கேக்கணுமாம். பேஜாரு ஒண்ணும் கெடையாது, நீங்களும் கூடவே வாங்க சார்."

அதே காவல் நிலையத்தில் அவன் தரையில் உட்கார்த்தப்பட்டிருந்தான். அப்பாவுக்கும் எனக்கும் நாற்காலி போட்டார்கள். அதில் நான் உட்கார்ந்தேன் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை விரித்தார். "ஜெனரல், டாங்கின்னு எழுதினா பசங்க விளையாட்டுன்னு விட்டுடலாம் சார். இங்க பாருங்க, பட்டாலியனுக்கு இருபத்தெட்டு குக்கு. கக்கூஸ் குழி வெட்டப் பதினாறு ஆளு. எவன் சார் விளையாட்டுக்கு இதெல்லாம் எழுதுவான்? உள்ள இருந்து எவனோ சொல்லித்தான் எழுதியிருக்கான்." தரையைப் பார்த்துக் கேட்டார்: "டேய், எங்கேருந்துடா தெரியும் உனக்கு?"

"சோறாக்காம எப்டி சார் சண்ட போடுவாங்க?" என்றான் அவன். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் அவன் பேசவில்லை. அம்மாவின் பெயரை எடுத்தால் போலீஸ் விடுதிச் சமையல்கூடத்துக்குப் போகும். மறுநாள் அம்மாவுக்கு அங்கே வேலை இருக்காது. அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது என் பையன் கையெழுத்து இல்லை. நீங்களே ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்" என்றார்.

"உன் எழுத்தா தம்பி?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். அவன் டேய், நான் தம்பி.

"இல்ல சார்."

அது உண்மை. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஊர்ப் பெயர்களை வைத்தது நான், ராணுவம் என்னுடையது, இவன் எழுதிக் கொடுத்தவன் மட்டும் என்று அடுத்த வரியைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் நான் விளைவுகளை எடைபோட்டேன்: என் நியமனம், அப்பாவின் பெயர், அக்காவின் கல்யாணம். பொறுப்புள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு, "எழுதினது நான்தான் சார்" என்றான்.

வழக்கு எதுவும் போடவில்லை. மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். ஆனால் அவனுடைய விசாரணை அறிக்கையில் ஏதோ ஒரு வரி சேர்ந்தது. என்னுடையதில் சேரவில்லை. இரண்டும் ஒரே மேஜையிலிருந்து போயிருக்கும். எனக்கு உத்தரவு வந்தது, அவனுக்கு வரவில்லை. என்ன வரி அது, யார் எழுதினார், எங்கே போய் மறுப்பது என்று அவன் ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு பட்டதாரியைக் கல் லாரிக்கு லோடுச் சீட்டுக் கிழிக்க அனுப்பிவிட்டு, தேசத்தைக் காத்த நிம்மதியோடு கோப்பை மூடிவிட்டார்கள். நான் மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து, மனு எழுதலாமா என்று ஆறேழு ஆண்டுகள் யோசித்தேன்.

கடைசியில் எழுதினேன். சேய்மையின் அமைப்பு முழுவதையும் நினைவிலிருந்து வரிசையாக எழுதி, இது என் கற்பனை, ஊர்ப் பெயர்கள் என் முடிவு என்று கையெழுத்திட்டேன். அதை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவன் புருவத்தில் கல்தூசி படிந்திருந்தது.

"இன்னாபா, தளபதியே நேர்ல வந்துகீறாரு" என்றான். ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மனுவை நீட்டினேன். நின்றபடியே படித்தான்.

"இத்த இப்ப குடுத்து இன்னா செய்யறது? வயசு வரம்பு போன மாசத்தோட முடிஞ்சிபோச்சி."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் போயிருக்கும். நீ சொல்லாததால ஒருத்தனுக்குத்தான் நஷ்டம். நல்லாத்தான் எடபோட்ட மச்சான்." குரலை உயர்த்தவில்லை. என்னை அடித்திருக்கலாம்.

திருப்பித் தரும் முன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மனுவில் ஓரிடத்தை அடித்து, மேலே ஏதோ எழுதினான். அதே அச்சு எழுத்து. இருபது என்று நான் எழுதியிருந்த இடத்தில் இருபத்தெட்டு என்று இருந்தது.

"நீ எப்பவுமே சமையல்காரன கம்மியாத்தான் எழுதுவ" என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரிக்குச் சீட்டுக் கிழிக்கப் போனான்.